அக்கா தெரிந்தெடுத்த எண்ணெய்த் தாங்கி

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகை தந்து இம்மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, நீங்கள் எல்லோரும் அக்காவை அன்போடு நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான். ஆனால் என் அன்போடு பொறாமையும் கடைசிவரை கூடவே இருந்தது. அவருடைய ஒரே தம்பியாகிய நான் அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

அக்கா இணுவிலில், தோட்டம் செய்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். எங்கள் தோட்டக் கிணற்றடியில் நின்ற இறைப்பு மெசினைக் கயிறு சுற்றி இழுத்துத்தான் இயக்க வேண்டும். நான் பத்துத் தடவை இழுத்தாலும் இருமிவிட்டு நின்றுவிடும். அக்கா ஒரே இழுவையில் ஓடவைப்பார். "கொக்காவைக் கூப்பிடு" என்று அப்பா அக்காவை அழைக்கச் சொல்லும்போதெல்லாம் எனக்கு முகம் சுருங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் கணக்கிலும் அவர்தான் முதல். அம்மா நோயில் விழுந்தபோது, அக்கா படிப்பை நிறுத்தி வீட்டைப் பொறுப்பேற்றார். அதனால்தான் நான் தொடர்ந்து படித்தேன். பின்னர் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பகுதிப் போதனாசிரியரானேன்.

கொக்குவிலில் வீட்டோடு இயந்திரத் திருத்தகம் வைத்திருந்த அத்தானை அக்கா மணம் முடித்தார். பெற்றோல் கிடைக்காத போர்க்காலத்தில் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடவைக்கும் வேலை அத்தானிடம் குவிந்தது. பக்கத்தில் நின்று பார்த்தே அக்கா தொழிலைப் பிடித்துக்கொண்டார். அத்தான் மாரடைப்பில் திடீரெனப் போனபோது அக்காவின் பிள்ளைகளான என் மருமக்கள் இருவரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். திருத்தகக் கொட்டிலை விற்கச் சொல்லி உறவினர் பலர் சொன்னார்கள். நானும் சொன்னேன். அக்கா மறுவாரமே சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கொட்டிலைத் திறந்தார். வலிகாமத்துத் தோட்டக்காரரும், குருநகர் மீனவரும், வடமராட்சியில் இருந்துகூட ஆட்களும் அவரைத் தேடி வந்தார்கள். சான்றிதழ் வைத்திருந்த என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை. அது எனக்குள் எரிந்துகொண்டே இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், திருத்திய மெசின்களை ஓட்டிப் பார்க்க அக்கா இரும்புச் சட்டத்தில் தானே ஒரு மேடை கட்டினார். மெசினை அதில் பூட்டி, அரை மணித்தியாலம் ஓடவிட்டுத்தான் உரியவரிடம் கொடுப்பது என்பது அவர் எண்ணம். மேடை தயார். மெசினுக்கு எரிபொருள் ஊட்ட எந்த எண்ணெய்த் தாங்கியைப் பூட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் பிணக்கு வந்தது.

முதலில் அத்தானின் மோட்டார் சைக்கிள் தாங்கியை எடுத்தார். குலுக்கினால் உள்ளே துருப்பிடித்த கறள் கொட்டியது. மனமில்லாமல் வைத்துவிட்டார். படகுச் சொந்தக்காரரான குருநகர்ச் சம்மாட்டி ஒருவர் படகுத் தாங்கி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அது கீழே இருந்து எண்ணெயை உறிஞ்சும் இயந்திரங்களுக்கு உரியது. இறைப்பு மெசினுக்கோ தாங்கி மேலே இருந்து தானாக வடிய வேண்டும். அந்தப் பெரிய தாங்கியை நிரப்பி மேலே தூக்கி வைக்க முடியாது. ஒரு பிளாஸ்ரிக் கலனைப் பெற்றோல் ஊற்றி ஒரு கிழமை வைத்துப் பார்த்தார், அடி இளகிவிட்டது. அப்போதுதான் நான் வரைபடம் ஒன்றைக் கொண்டுபோனேன். துருப்பிடிக்காத உருக்கில், அளவு எல்லாம் போட்டு, மூன்று நாள் இருந்து கீறியது.

அக்கா அதை நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாய்த்தான் கீறியிருக்கிறாய். ஆனால் உள்ளுக்கை எண்ணெய் எவ்வளவு கிடக்குதெண்டு என்னெண்டு பாக்கிறது?"

"மூடியைத் திறந்து பாக்கலாம்தானே அக்கா."

"ஓடிக்கொண்டிருக்கேக்கையோ? மெசின் எவ்வளவு குடிக்குதெண்டு தெரியவேணுமடா."

பழைய மெசின் ஒன்றில் கழற்றிய நாலு லீற்றர் தகரத் தாங்கியை அக்கா தெரிந்தெடுத்தார். உள்ளே சல்லிக் கல்லுப் போட்டுக் குலுக்கிக் கழுவினார். பக்கவாட்டில் மேலும் கீழும் துளையிட்டு, கண்ணாடிபோலத் தெரியும் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதில் அளவுக் கோடுகள் போட்டார். எண்ணெய் மட்டம் வெளியே நின்றே தெரிந்தது. இருபது வருடமாக இதையே படிப்பிக்கிற எனக்கு அந்த யோசனை வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் குழாயைத் தொட்டுப் பார்த்து அக்காவைப் புகழ்ந்தார்கள். என் வரைபடத்தை அக்கா மடித்துத் திருப்பித் தந்தார்.

மேடையை முதன்முதலாக இயக்கும் நாள் காலையில் நான் நேரத்தோடு போனேன். தாங்கிக்கு அக்கா நீலப் பெயின்ற் அடித்திருந்தார். மூடியிலே காற்றுப் போகும் சின்னத் துளை இருக்கும். எண்ணெய் இறங்க இறங்க அதன் வழியேதான் காற்று உள்ளே போகும்; போகாவிட்டால் எண்ணெய் வடியாது, மெசின் நின்றுவிடும். அந்தத் துளையைப் பெயின்ற் அடைத்திருந்ததைக் கண்டேன். அதைத் திறக்க ஒரு குண்டூசி போதும். நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கரவெட்டித் தோட்டக்காரர் ஒருவரின் மெசினை மேடையில் ஏற்றினார்கள். முற்றம் நிறைய ஆட்கள். மெசின் நன்றாகப் பிடித்தது. எட்டு, பத்து நிமிடம் ஓடி நின்றது. அக்கா மெசினுக்கு எண்ணெய் வரும் குழாயைக் கழற்றி, காபரேற்றரைத் துப்புரவாக்கிப் பூட்டினார். குழாயைக் கழற்றும்போது அதன் வழியே தாங்கிக்குள் காற்றுப் போனதால் மீண்டும் ஓடியது, மீண்டும் நின்றது. மூன்றாம் முறை நின்றபோது அக்காவின் முகம் முழுக்க வேர்வை.

"என்னம்மா, என்ன பிழை?" என்று கரவெட்டிக்காரர் கேட்டார்.

"தெரியேல்லை, அண்ணை. நாளைக்கு ஒருக்கால் பாப்பம்."

"நாளைக்கோ? வெங்காயம் நட்டு நிக்குது. தண்ணி இல்லாமல் ரெண்டு நாள்."

அவர் மெசினை ஏற்றிக்கொண்டு வேறிடம் போனார். அது அதனுடைய சொந்தத் தாங்கியோடு குறையில்லாமல் ஓடியது என்று பின்னர் கேள்விப்பட்டோம். ஆனால் வேறிடத்தில் இன்னும் இரண்டு நாள் காத்திருந்ததில் வெங்காயத்தில் பாதி கருகிவிட்டது. "கொக்குவில் அம்மாவுக்குக் கைராசி போயிட்டுது" என்று அவர் போன இடமெல்லாம் சொன்னார். வேலை வரத்துக் குறைந்தது. அன்று எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சந்தோசம் ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை.

ஒரு பின்னேரம் போனபோது அக்கா மேடையின் ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் அக்கா கழற்றுறீங்கள்?"

"எனக்கு இது தெரியாத வேலையடா. நீ கீறித் தந்தாய், நான் கேக்கேல்லை."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. "மூடியைப் பாருங்கோ அக்கா" என்றேன்.

அவர் எடுத்துப் பார்த்தார். தலையில் இருந்த ஊசியை உருவித் துளையைக் குத்தினார். நீலப் பொட்டு ஒன்று உதிர்ந்தது.

"நீ எப்ப கண்டனி?"

"அண்டைக்குக் காலமை."

"கண்டிட்டோ நிண்டனி?"

"ஓம்."

"ஏன்ரா?"

"உங்களிலை எரிச்சல்."

அக்கா கத்தவில்லை. "வீட்டை போ" என்றார். எட்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பொங்கலுக்குக்கூட என் வீட்டு வாசலுக்கு வரவில்லை.

பிறகு ஒருநாள் ஓட்டோவில் இணுவிலுக்கு வந்து இறங்கினார். தேநீரை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "கோவம் போகேல்லை. ஆனால் மேடையைத் திரும்பப் பூட்டிட்டன், வேலை கிடக்குது. டீசல் மெசினிலை மிச்சமாய்த் திரும்பி வாற எண்ணெயை எந்தத் தாங்கிக்கு விடுறது? அது எனக்கு விளங்கேல்லை, உனக்குத் தெரியும்." அன்று பின்னேரமே கொக்குவிலுக்குப் போனேன். இருவருமாக இரண்டாவது தாங்கியைத் தெரிந்தெடுத்துப் பூட்டினோம். என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளில் அதுதான் எனக்குப் பிடித்தது. அதற்குப் பிறகும் யாராவது அக்காவைப் புகழ்ந்தால் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் ஒரு பிழையைக் கண்டால் வாயைத் திறந்து சொல்லப் பழகிக்கொண்டேன்.

கடந்த வருடம் நோய் அக்காவைப் படுக்கையில் போட்டது. ஆசுபத்திரியில் ஒருநாள் என்னைக் கேட்டார்: "அந்தக் கரவெட்டி ஆளிட்டைச் சொன்னியோ?"

"இல்லை அக்கா."

"அவர் இன்னும் என்ரை கைப்பிழையெண்டுதான் நினைச்சுக்கொண்டிருப்பார்" என்று சொல்லி மறுபக்கம் திரும்பிப் படுத்தார். அதற்குப் பிறகு ஐந்து நாள்தான் இருந்தார்.

செத்தவீட்டுக்கு வந்த சனத்தைப் பார்த்தபோதும், என் செத்தவீட்டுக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. கரவெட்டிக்காரரும் வந்திருந்தார். "நல்ல மனுசி. என்ரை மெசினிலை மட்டும் ஏதோ பிழைவிட்டிட்டா" என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அம்மா இருக்கேக்கை வந்து சொல்லியிருந்தால், நான் போய் அவவிட்டை ஒரு வார்த்தை சொல்லியிருப்பன். இப்ப எனக்கு மட்டும் சொல்லி என்ன? நான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான். நீர்தான் அதைத் திருத்தவேணும்."

அதனால்தான் இதை எழுதினேன். நோயில் அக்காவைப் பார்த்த மருத்துவர்கள், தாதியர், இரவு பகல் பாராது கூட இருந்த மருமக்கள், சமைத்துக் கொடுத்த அயலவர், மீன்பிடியை விட்டுவிட்டு வந்து பாடை காவிய குருநகர்ச் சகோதரர்கள், என்னை வெளியே போ என்று சொல்லாமல் கடைசிவரை கேட்ட கரவெட்டிப் பெரியவர், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அன்று அந்த முற்றத்தில் நின்றவர்களுக்கு மட்டும் இன்னும் ஒன்று: அந்த மெசினில் பிழை இருக்கவில்லை. அக்காவின் கையிலும் பிழை இருக்கவில்லை. தெரிந்துகொண்டே பேசாமல் நின்றவன் நான்.