கட்டிய கையும் அங்சானா பூவும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி நடந்த ஈர மண் மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததைவிடப் புல் வெட்டும் மெஷினைப் பிடித்ததுதான் அதிகம். மெஷினை அணைத்து வைத்த பிறகும் அதன் நடுக்கம் விரல்களில் கொஞ்ச நேரம் இருக்கும். வேலையில்லாத நாளிலும் அது என் எழுத்தில் தெரியும். எங்காவது புரியாமல் போனால், நல்லதைத்தான் சொல்ல வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீடு சுங்கை லாலாங் பக்கம். விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போய்விடுவேன். அந்த நேரத்தில் செம்பனைகளின் இடுப்பு வரை பனி நிற்கும். ஜெராய் மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் மட்டும் இருக்கும். மலை இருக்கிறதா, யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா என்று நினைத்துக்கொண்டே ஓட்டுவேன்.

சாலை நடுவே நீளமாக ஓடும் திட்டுகளில் புல் வெட்டுவதுதான் அப்போது என் வேலை. முகத்தில் வலை, காதில் அடைப்பு. கொஞ்ச நேரத்தில் மெஷின் சத்தம் சத்தமாகவே தெரியாது. இரண்டு பக்கமும் கார்கள் மீன்களைப் போல நழுவிப் போகும். நான் ஆற்றின் நடுவில் நிற்கிறேன் என்று தோன்றும். மெஷினை நிறுத்தினால்தான் கடை மாடிகளில் கூடு கட்ட வரும் குருவிகளின் சத்தம் கேட்கும். அதில் பாதி, குருவிகளை வரவழைத்துக் கூட்டை விற்பவர்கள் பெட்டியில் பதிவு செய்து வைத்த சத்தம். எது குருவி, எது பெட்டி என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியாது.

நான் வேலை செய்தது நகராண்மைக் கழகத்தின் சாலையில். ஆனால் நான் நகராண்மைக் கழகத்தின் ஆள் இல்லை. என் சட்டையில் குத்தகைக்காரரின் பெயர் இருந்தது. குத்தகை கைமாறினால் சட்டையும் மாறும். சில தடவை சட்டையே வராது, மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். கழகத்தின் சொந்த ஆட்கள் இளநீலச் சட்டை போட்டிருப்பார்கள். அதைப் போட்டவரை யாரும் இடையில் அனுப்பிவிடுவதில்லை. பூங்காவில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் மண்ணைக் குனிந்து தொடுவதைத் தூரத்திலிருந்து பார்த்தால், என் கனவுக்குள் வேறொருவர் நடப்பது மாதிரி இருக்கும். என்னிடம் வேலை வாங்கிய குத்தகைக்காரருக்கு வயதாகிவிட்டது. அந்த வருடத்தோடு தொழிலை விடப் போவதாகச் சொல்லிவிட்டார். அதனால் அந்த நீலச் சட்டை கிடைத்தால் வேலை, கிடைக்காவிட்டால் வீடு என்று ஆகிவிட்டது.

அதற்கு முன்பும் இரண்டு தடவை கழகத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். குளிரூட்டிய அறை, நீள மேசை, அதற்குப் பின்னால் மூன்று பேர். உள்ளே போனதும் கையைக் கட்டினேன், தலை குனிந்தேன். ஒருவர் உட்காரச் சொன்னார். ஒரு தடவை சொன்னதும் உட்கார்ந்தால் மரியாதை இல்லை என்று நின்றேன். இரண்டாவது தடவை அவர் சொல்லவில்லை. நின்றுகொண்டே "யா, துவான்", ஆமாம் ஐயா என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வேலை கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் பலருக்கும் இதே கதைதான்.

"நம்மள எடுக்க மாட்டான்லா," என்பார் பக்கத்து வீட்டு லோரிக்காரர். "நம்ம மூஞ்சியப் பாத்ததுமே அவனுக்குக் கண்ணு தெரியாமப் போயிடும். சும்மா போயி எதுக்கு நின்னுட்டு வர்றீங்கண்ணே?"

அவர் என்னைவிட இளையவர். எனக்கும் சேர்த்து அவர்தான் பேசுவார். எனக்கு அது வசதி.

பிறகு கழகத்துக்கு ஒரு புதிய அதிகாரி வந்தார். மலாய்க்காரப் பெண், என் வயது இருக்கும். புவான் என்றுதான் கூப்பிட்டோம், மலாயில் அம்மா என்று அர்த்தம். தோட்டத்துப் பக்கத்திலிருந்து ஏன் யாருமே மனுப் போடுவதில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவரே வரப் போகிறார் என்று சொன்னார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் கூட்டம். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, முன்னால் மேசையும் மைக்கும் வைத்து, தண்ணீர்ப் போத்தலும் வைத்திருந்தார்கள்.

நாங்கள் போனோம். நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை. பின்சுவரை ஒட்டி ஆண்கள் வரிசையாக நின்றோம், கதவோரம் பெண்கள் நின்றார்கள். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்பது அப்படித்தான். வேலை வாங்கும் மண்டோர் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. தோட்டத்தை விட்டு எத்தனையோ வருடமாகிறது. ஆனால் மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்தால் எங்கள் உடம்பு தானாகப் பெரட்டுக்கு நின்றுவிடும். எல்லாருடைய கையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டியிருந்தது.

புவான் பேசினார். நல்ல மனதோடுதான் பேசினார் என்று குரலிலேயே தெரிந்தது. கேள்வி கேட்டார். நாங்கள் தரையைப் பார்த்தோம். சாமிக்கு வைத்த சாம்பிராணிப் புகை மண்டபத்துக்குள் மெதுவாக வந்து காலி நாற்காலிகளின் மேல் படர்ந்தது. யாரோ கண்ணுக்குத் தெரியாதவர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து எங்களுக்குப் பதிலாகக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது.

புவான் மைக்கைக் கீழே வைத்தார். எங்களைப் பார்த்து மலாயில் மெல்லக் கேட்டார்.

"உங்கள் எல்லாருக்கும் என்மேல் கோபமா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த அம்மா ஏன் இப்படிக் கேட்கிறார்?

"எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்களே. என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள்."

லோரிக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "புக்கான் மாரா, புவான். ஹோர்மாட்!" கோபமெல்லாம் இல்லை, மரியாதை என்றார். பெரியவர்கள் முன்னால் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றால் எங்கள் வீட்டில் அடி விழும் என்று கையை ஓங்கிக் காட்டினார்.

புவான் சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை. காலி நாற்காலி ஒன்றில் மெதுவாக உட்கார்ந்தார். அவர் முன்பு ஜித்ராவில் வேலை செய்தாராம். அங்கே ஆள் எடுக்கும்போது ஒருவர் இப்படித்தான் வந்து நின்றாராம். கையைக் கட்டிக்கொண்டு, உட்காரச் சொன்னால் உட்காராமல், தரையைப் பார்த்துக்கொண்டு. "இவருக்கு ஆணவம், இந்த வேலையில் விருப்பமும் இல்லை என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் முன்னால் கையைக் கட்டினால் அது திமிர்," என்றார். "அவரை நான் எடுக்கவில்லை."

அந்த மனிதர் யாரோ. ஜித்ரா என் வீட்டிலிருந்து வெகுதூரம். ஆனாலும் வெயிலில் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குத் திரும்பிப் போவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் முதுகு என் முதுகு மாதிரியே இருந்தது.

அதன் பிறகு கூட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. எல்லாரும் அவசரமாகக் கையை அவிழ்த்தோம். அவிழ்த்த கையை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"பாக்கெட்ல போட்டுக்குங்க," என்றாள் என் மனைவி கதவோரத்திலிருந்து.

"பாக்கெட்ல போட்டா ரவுடி மாதிரி இருக்கும்மா," என்றார் லோரிக்காரர்.

"போடாட்டியும் அப்படித்தான் இருக்கீங்க."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் வாய்கள் திறந்துகொண்டன. மார்க்கெட் பெருக்கும் அக்கா ஒருவர் முன்னால் வந்தார். அவரும் குத்தகைக்காரரின் ஆள்தான். "புவான், வேலை காலின்னு நோட்டீஸ் எங்க ஒட்டுறீங்க? ஆபீசு உள்ள. நாங்க உள்ள வந்தா காவலுக்கு நிக்கிற ஜாகா புடிச்சு, எங்க போறேன்னு கேக்கறான். வெளிய நின்னு கூட்டறவளுக்கு உள்ள ஒட்டுன நோட்டீஸ் எப்படித் தெரியும்?" என்று தமிழிலேயே கேட்டார். லோரிக்காரர் அதை மலாயில் சொன்னார். கொஞ்சம் காரம் சேர்த்துத்தான் சொன்னார். புவான் எழுந்து நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட ஆரம்பித்தார். நாங்களும் இழுத்தோம். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தோம்.

சில வாரங்களில் நோட்டீஸ் எங்கள் கோயிலில் ஒட்டியிருந்தது, தமிழிலும் இருந்தது. மார்க்கெட்டிலும் பாடாங் செராய் பக்கத்துக் கடைகளிலும்கூடப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஆறாம் வகுப்புப் படிப்பே போதும் என்று போட்டிருந்தது. நேர்முகத் தேர்வு அலுவலகத்தில் இல்லை, பூங்காவில்.

வீட்டில் மனைவி எனக்குப் பயிற்சி கொடுத்தாள். அவள் சோபாவில் உட்கார்ந்து அதிகாரியாகிவிடுவாள். நான் கதவைத் தட்டிவிட்டு வருவேன்.

"கை! கை!" என்பாள்.

பார்த்தால் கட்டியிருக்கும். நான் கட்டினதே எனக்குத் தெரியாது.

"இந்தக் கையோட எப்படிங்க என்னைப் பொண்ணு பாக்க வந்தீங்க?"

"அன்னைக்கும் கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஆமா. எங்கப்பாவுக்கு அதான் புடிச்சிருந்துச்சு."

தேர்வு நாள் காலையில் பூங்காவுக்குள் நுழைந்ததும் வழி தவறி வேறு ஊருக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். அங்சானா மரங்கள் எல்லாம் முதல்நாள் பூத்து, அன்று உதிர்ந்துகொண்டிருந்தன. தரை மஞ்சள், பெஞ்சு மஞ்சள், நிறுத்திய கார்களின் தலையும் மஞ்சள். காற்றே இல்லை. யாரோ மேலே உட்கார்ந்து நிதானமாகத் தூவுவது போலப் பூ இறங்கிக்கொண்டே இருந்தது. மரத்தடியில் மேசை இல்லை, வட்டமாக நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. மூன்றில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் புவான். இன்னொருவர், முன்பு அந்தக் குளிர் அறையில் என்னை ஒரு தடவை உட்காரச் சொன்ன அதே கண்ணாடிக்காரர்.

அவரைக் கண்டதும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. போய் நின்றேன். நின்ற பிறகுதான் தெரிந்தது, கையைக் கட்டியிருந்தேன்.

அவிழ்க்க நினைத்தேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை. நீலச் சட்டை போய்விட்டது என்று நினைத்தேன். மனைவி இப்போது அடுப்படியில் நின்று சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்றும் நினைத்தேன்.

"டூடோக், பாங்," என்றார் கண்ணாடிக்காரர். உட்காருங்கள் அண்ணே என்று.

நான் நின்றேன்.

அவர் புவானைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, நாற்காலியைத் தன் கையாலேயே கொஞ்சம் இழுத்துவிட்டு, இரண்டாவது தடவை சொன்னார். "டூடோக், பாங்."

உட்கார்ந்தேன். கட்டிய கையோடுதான் உட்கார்ந்தேன். அதற்குள் என் முழங்கை மடிப்பில் பூக்கள் விழுந்து தங்கியிருந்தன. இப்போது கையை அவிழ்த்தால் அவை கொட்டிவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது. அசையாமல் இருந்தேன்.

"கையில் என்ன?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"பூ," என்றேன்.

மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவசரப்படுத்தவில்லை. அவர்கள் முகத்தைப் பார்க்காமல், பூவைப் பார்த்துப் பேசினேன். இந்த மரம் பூத்தால் மறுநாளே கொட்டிவிடும். கொட்டினதும் பெருக்கிவிடச் சொல்வார்கள். நான் சாலையில் புல் வெட்டும்போது தூரத்தில் மஞ்சளாகத் தெரியும், பக்கத்தில் வருவதற்குள் அக்காமார்கள் பெருக்கி மூட்டை கட்டியிருப்பார்கள். ஒரு தடவையாவது மத்தியானம் வரைக்கும் பெருக்காமல் விட்டால் பிள்ளைகள் பார்ப்பார்கள். இவ்வளவுதான் சொன்னேன், என் உடைந்த மலாயில். ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியது என் மனைவிக்குத் தெரிந்தால் நம்ப மாட்டாள்.

கண்ணாடிக்காரர் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். "நான் இங்கே இவ்வளவு வருடம் வேலை பார்க்கிறேன். பூ விழும்போது ஒரு நாளும் கீழே உட்கார்ந்ததில்லை," என்றார். அவர் தோளிலும் பூ இருந்தது.

மற்ற கேள்விகளுக்கும் பதில் சொன்னேன். முடிந்ததும் எழுந்து, கையை அவிழ்த்தாக வேண்டுமே என்று தடுமாறினேன்.

"அப்படியே போங்கள் பாங்," என்றார் புவான். "எங்களுக்குப் புரிகிறது."

எங்கள் பக்கத்திலிருந்து எனக்கும் மார்க்கெட் அக்காவுக்கும் பூங்காவில் வேலை கிடைத்தது. போன மற்றவர்களுக்கு அந்தத் தடவை கிடைக்கவில்லை. அவர்களுக்காக லோரிக்காரர் இன்னும் புவானிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். வட்டமாகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துதான் போடுகிறார். ஜித்ராவில் அந்த மனிதருக்கு ஏதாவது கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. புவானிடம் கேட்க வேண்டும் என்று நினைப்பேன், அவர் எதிரில் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றுவிடுவேன். அவர் சிரித்துவிட்டுப் போவார்.

நேற்றுக் காலை பூங்காவுக்குப் போனால் எல்லாம் மஞ்சள். நான் நீலச் சட்டையில் அந்த மஞ்சளுக்குள் நின்றேன். அக்கா விளக்குமாற்றோடு வந்து மரத்தடியில் நின்றார்.

"கூட்டவா, தம்பி?"

"கொஞ்சம் இருங்கக்கா," என்றேன்.

அவர் விளக்குமாற்றை மரத்தில் சாய்த்தார். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். பூ விழுந்துகொண்டே இருந்தது. மத்தியானம் வரைக்கும் யாரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. இங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் இன்று எழுதி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, 11 ஏப்ரல் 2025.