குதிரைமலையில் பாம்பு

வெள்ளைக்காரன் காலத்தில் நான் புத்தளத்தில் வாத்தியார். ஒரு பங்குனி விடுமுறையில் குதிரைமலை பார்க்கப் புறப்பட்டேன். கற்பிட்டியிலிருந்து என்னைத் தோணியில் ஏற்றிச் சென்றவர் ஒரு முஸ்லிம் மீனவர்; அண்ணன் என்ற முறையில் 'நானா' என்று அழைத்தேன். நரைத்த தாடி, இடுப்பில் உப்பேறிய சாரன். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டிக் குறி பார்ப்பார். கரையோரத்து அந்த மலையையும் முப்பது வருடமாகக் கடலில் நின்று அப்படித்தான் பார்த்திருக்கிறார். ஏறியதே இல்லையாம்!

"வாங்க நானா" என்று அவரையும் இழுத்துக்கொண்டு ஏறினேன்.

செம்மண் சரிவு, முட்புதர். உச்சியில், முன்னொரு காலத்தில் ஒரு ராணி நிறுத்தியதாகச் சொல்லும் குதிரைச் சிலையின் இடிந்த செங்கல் கால்கள்! நான் துள்ளினேன்.

"நானா, இந்தா குதிரைட கால்!"

அவர் திரும்பவே இல்லை. கட்டைவிரல் கடலை நோக்கி நீண்டிருந்தது. கண்ணாடியாகக் கிடந்த நீருக்கடியில் கறுப்பாக ஒரு பாறைத் திட்டு.

"அல்லாஹ்வே! அந்தா நான் மீன் புடிக்கிற கல்லு! வாப்பா மௌத்தாகுற அண்டைக்கு, மூச்சு அடங்க முந்தித்தான், அந்த இடத்தை என்ட காதுல சொன்னாரு. இஞ்ச நிண்டா எவனுக்கும் தெரியுதே!"

தலையில் கை வைத்தார், சிரித்தார், மறுபடி எட்டிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"மாஸ்டர், ஊருல கேட்டா குதிரைக் கதையைச் சொல்லாதீங்க, ஆக்கள் ஏறி வந்துடுவாங்க. அங்க நிறையப் பாம்பு எண்டு சொல்லுங்க."

"ஓம்" என்று தலையாட்டினேன்.

அன்று அங்கே ஒரு பாம்பையும் நான் காணவில்லை. இன்றைக்கும் யாராவது குதிரைமலையைப் பற்றிக் கேட்டால், அந்தக் கடலின் நீலம் தொண்டைவரை வந்துவிடும். விழுங்கிக்கொண்டு பாம்பைச் சொல்கிறேன்.