குங்குமம் வைத்த சீடி

இந்த வருடத்தில் மூன்றாவது அறைக்கு மாறுகிறேன். பையிலிருந்து ஒரு சீடி பெட்டியோடு விழுந்தது. அதன் அட்டையில் காய்ந்த குங்குமம்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருடம். மாத்தளையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் அறையில், தொண்டை கிழிய உறுமிப் பாடும் டெத் மெட்டல் சீடிகளைத் தரையில் பரப்பி, எது சிறந்தது என்று நானும் நண்பன் சேவியரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவனுடையவற்றை ஏற்கெனவே பேய்ப்பாட்டு என்று அவன் அம்மா அடுப்பில் போட்டுவிட்டார். மிஞ்சியவை என்னுடையவைதான்.

வேலை முடிந்து வந்த என் அம்மா, மண்டையோட்டு மாலை போட்ட உருவமுள்ள அட்டையைக் கையில் எடுத்தார். இதுவும் அடுப்புக்குத்தான் என்று நினைத்தேன்.

"காளியாத்தாவ தரையிலயாடா போடுவீங்க?"

குங்குமம் வைத்துச் சாமிப் படங்களோடு நிறுத்தினார்.

"மாதா படம் போட்ட மெட்டல் சீடி கெடைக்குமாடா?" என்று சேவியர் கிசுகிசுத்தான்.

நான் வேலை தேடிக் கிளம்பியபோது, அம்மாவே அதை என் பையில் வைத்தார்.

இப்போது போட்டுப் பார்த்தேன். கீறல் இல்லை. ஆத்தா பழையபடி உறுமினாள்.