கடலுக்குப் போகும் தாலிக்கயிறு

நான் வேலை பார்க்கும் பூசைச் சாமான் கடை சிராங்கூன் சாலையில் இருக்கிறது. ஒரு நாள் காலை ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். கட்டையாக வெட்டிய நரைமுடி, காலில் விளையாட்டுக் காலணி. தாலிக்கயிறு கேட்டுவிட்டு, மூக்கைப் பொத்திக் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு நின்றார். சாம்பிராணி வாசம் பிடிக்கவில்லையோ என்று தூபக்காலைத் தள்ளி வைத்தேன்.

“அண்ணே, இது உப்புத் தண்ணில சாயம் போகுமா?”

“ராமேஸ்வரம் போறீங்களாம்மா?”

அவர் சிரித்துவிட்டார். “இல்லலா! அடுத்த வாரம் தியோமான் தீவுக்குப் போறேன், ஸ்கூபா டைவிங். பவளப்பாறை பாக்கணும். ஆழத்துல காது அடைக்கும்ல, அதான் மூக்கப் புடிச்சு ஊதிப் பழகறேன்.”

கழுத்தில் இருக்கும் தாலிச் சங்கிலி, முதுகில் மாட்டும் காற்று உருளையின் வாரில் சிக்கி அறுந்து, கடலுக்குள் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். கழற்றி வைக்கவும் மனமில்லை, பயணத்தை விடவும் மனமில்லை. அதனால் தாலியைக் கயிற்றில் கோத்துக்கொண்டு போக முடிவு செய்திருந்தார்.

“வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?”

“தாலி கிடக்கட்டும், நீ ஒழுங்கா மேல வந்து சேருங்கறாரு.”

நான் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினேன். “சாயம் போகும்மா. கயிறு அறாது.”

வாடிக்கையாளர்களிடம் அதிகம் பேசுகிறவன் இல்லை நான். ஆனாலும் கேட்டுவிட்டேன். “அடியில என்னம்மா இருக்கும்?”

“தெரியலண்ணே. அதுக்குத்தானே போறேன்.”

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் எத்தனையோ மாலைகள் உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தண்ணீருக்கு அடியிலும் போய்ப் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.