விரலை எடுங்க, லல்லா

கடலோர ஸாஃபி ஊர் மத்தி மீன் ஆலையில் விடியலிலிருந்து நின்றபடியே மீனுக்குத் தலை கிள்ளிவிட்டு, மாலை அஸர் தொழுத கையோடு பள்ளிவாசலை ஒட்டிய அறைக்கு வந்துவிடுவாள் ராபிஹா. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள்தான். ஆனாலும் தெருப் பெண்களுக்கு ஃபோன் பழக்கிவிட அவளை விட்டால் ஆளில்லை. சம்பளம் கிடையாது. அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று உட்கார்ந்துவிடுவாள், முழங்கால்தான் ஒத்துக்கொள்ளாது.

உண்மையில் அவள் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாகச் சொல்ல முடியாது. "இங்க குடுங்க, லல்லா" என்று, மூத்த பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு ஃபோனை வாங்கி, வேலையை முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அலுப்புக்கு அதுதான் சுலபம். அடுத்த வாரம் அதே பெண் அதே கேள்வியோடு வந்து நிற்பாள்.

அன்று தெருவின் மூத்தவள் இஸ்ஸா வந்திருந்தாள். வலது கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு இனி ஃபோனில்தான் நாள் வாங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்று மாலையோடு பதிவு முடிகிறது. மகனைக் கேட்டால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்றே நாளைக் கடத்திவிட்டான்.

இஸ்ஸா பிஸ்மில்லாஹ் சொல்லி, திரையில் ஆஸ்பத்திரிப் படத்தின் மேல் விரலை வைத்தாள். ரொட்டி மாவு பிசைந்த கை, வைத்தால் எடுக்காது. திரையிலிருந்த படங்களெல்லாம் நடுங்க ஆரம்பித்தன.

"பாரு, உன்னைக் கண்டு ஃபோனே நடுங்குது!" என்றாள் பக்கத்தில் இருந்த ஃபத்தூமா.

"என் புருஷன் ஒருநாளும் நடுங்கல. இதாவது நடுங்கட்டும்."

மறுபடி வைத்தாள். மறுபடி நடுங்கியது. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நெருங்கிக்கொண்டிருந்தது. ராபிஹாவுக்குக் கண் சொருகியது.

"இங்க குடுங்க லல்லா, நானே போட்டுடறேன்" என்று கையை நீட்டினாள்.

அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள் இஸ்ஸா. "ஏன் புள்ள, அடுத்த கண்ணுக்கும் நாள் வாங்கணும்னா மீன் நாத்தத்துக்குள்ள வந்து உன்னைத் தேடணுமா? சொல்லிக் குடு. பிடுங்காதே."

ராபிஹா கையைத் தடவிக்கொண்டாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"ரொட்டிக்கல்லு காஞ்சிடுச்சான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

"தொட்டுட்டு வெடுக்குன்னு எடுத்துடுவேன்."

"அப்படித் தொடுங்க."

இஸ்ஸா தொட்டாள், சுட்டதுபோல விரலை இழுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிப் பக்கம் திறந்தது. எழுத்து தெரியாது, எண் தெரியும். ராபிஹா வாயால் வழிகாட்ட, அடையாள அட்டை எண்ணை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போட்டாள். ராபிஹா கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு பார்த்திருந்தாள். தலை கிள்ளுவதைவிட அது கஷ்டமாக இருந்தது.

பாங்கு ஒலிக்கும்போது நாள் வந்துவிட்டது: பெருநாள் கழிந்து வரும் திங்கட்கிழமை.

"அல்ஹம்துலில்லாஹ்!" ஃபத்தூமாவிடம் காட்டும் அவசரத்தில் இஸ்ஸா கீழ்ப் பொத்தானை அழுத்தி, விரலைத் திரையிலேயே ஊன்றி ஃபோனை இறுக்கிப் பிடித்தாள். பக்கம் மறைந்து, படங்கள் மறுபடி நடுங்கின. "ஐயோ, போச்சா?"

"போகாது லல்லா. பதிவாயிடுச்சு" என்றாள் ராபிஹா, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியபடி. "விரலை மட்டும் எடுங்க."