பதினொரு தாரா முட்டை

எனக்குப் பொறுமை இல்லை. என் வீட்டில் இது எல்லாருக்கும் தெரிந்த விடயம். சோறு வேகுமுன் நாலு தரம் மூடியைத் திறந்து பார்ப்பேன். பஸ்ஸுக்கு நின்றால், அது வருகிற திசையில் இருபது அடி நடந்துபோய் எட்டிப் பார்ப்பேன். அப்படிப் பார்த்து ஒரு பஸ்ஸும் சீக்கிரம் வந்ததில்லை. இப்படிப்பட்ட மனிதன் முட்டை பொரிக்க வைக்கிற வேலையில் ஏன் இறங்கினான் என்று என் மனைவி கேட்பாள்.

ஊரடங்குக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடக்க முடியாமல் தொடங்கியது அது. நாவற்குடாவில் எங்கள் வளவு சின்னது. பின்பக்கம் ஒரு கோழிக்கூடு, அதற்குப் பக்கத்தில் தாராக்கள் முங்கி எழும்ப ஒரு சீமெந்துத் தொட்டி. தாரா என்று நாங்கள் சொல்வதைத்தான் வேறிடங்களில் வாத்து என்கிறார்கள். எங்களுக்கு வாத்து என்றால் அது நீளக் கழுத்தோடு ஆளைக் கொத்தத் துரத்துகிற வேறு சாதி. எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழுவும் உண்டு. காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருப்பவர், வந்தாறுமூலையில் படிப்பிக்கிறவர், வவுணதீவில் வயல் செய்கிறவர் என்று பலர் அதில் இருந்தார்கள். விடிந்தால் யாராவது ஒரு முட்டையின் படத்தைப் போடுவார். மாஷா அல்லாஹ், அருமை, வாழ்த்துகள் என்று வரிசையாக வந்து விழும். "கோழி முக்கிப் பெத்ததுக்கு உங்களுக்கு வாழ்த்தா?" என்று மனைவி கேட்பாள்.

அந்தக் குழுவில் ஏறாவூர் நானா ஒருவர்தான் படமே போடாதவர். நிறைய வருடம் கட்டாரில் லொறி ஓட்டிவிட்டு வந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், அதனால் அண்ணன் முறையில் எனக்கு நானா. ஆறு வருடமாக நாட்டுத் தாராவில் ஒரே மாதிரியானவற்றைத் தெரிந்தெடுத்துச் சோடி சேர்த்துத் தனக்கென்று ஒரு வகையை உண்டாக்கியிருந்தார். மண்ணிற உடம்பு, கழுத்தில் விரல் தடிப்பில் வெள்ளை வளையம், ஓயாமல் முட்டை. எல்லாரும் குஞ்சு கேட்டோம். ஒருவருக்கும் கொடுக்கவில்லை. "இன்னும் நிலைக்கல்ல தம்பி. இன்னொரு தலைமுறை போகட்டும்" என்பார். கஞ்சன் என்று குழுவில் அவரைப் பகிடி பண்ணியவர்களில் முதல் ஆள் நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம், வேலியின் கீழால் மண்ணைக் கிண்டிக்கொண்டு தெருநாய்கள் உள்ளே புகுந்துவிட்டன. திரும்பி வந்தபோது ஒரு தாராவும் உயிரோடு இல்லை. கூட்டு வைக்கோலுக்குள் பதினொரு முட்டை மட்டும் கிடந்தன. அவர் எப்போதும் அடைக்கோழியின் கீழ் வைத்துத்தான் பொரிக்க வைப்பார். அந்த நேரம் பார்த்து ஒரு கோழியும் அடைகிடக்கவில்லை. என்னிடம் இன்குபேட்டர் இருந்தது. உமி நிரப்பிய வாளிக்குள் முட்டைகளைப் புதைத்து, வாளியை மடியில் இடுக்கிக்கொண்டு, மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஆறு வருசம் இதுக்குள்ள கிடக்கு தம்பி" என்றார். வாளியை என் கையில் தந்துவிட்டுத் திரும்பினார். தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

என் இன்குபேட்டர் மீன் வாங்கிய ரெஜிபோம் பெட்டியில், அந்த வெள்ளை நுரைப் பெட்டியில், நானே செய்தது. மேலே கண்ணாடி மூடி, உள்ளே இரண்டு பல்பு, பழைய கம்பியூட்டரில் கழற்றிய ஒரு விசிறி, கொழும்பிலிருந்து தபாலில் எடுத்த ஒரு சூடு காட்டும் கருவி. ஒரு மூலையில் வயரின் நுனியில் சின்ன உலோகக் குமிழ் ஒன்று தொங்கும். சூடு முப்பத்தேழரைப் பாகைக்கு மேல் ஏறினதாக அந்தக் குமிழ் உணர்ந்தால் பல்பு அணையும். குறைந்தால் எரியும். தாரா முட்டைக்கு இருபத்தெட்டு நாள். ஏழாம் நாள் டோர்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டு வெறும் முட்டை. ஒன்பதில் நரம்பு ஓடியிருந்தது. நானாவுக்குப் படம் அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதாமல் அந்த ஒன்பது படங்களையும் திரும்ப எனக்கே அனுப்பினார். மனிதருக்கு வாய் அடைத்துவிட்டது என்று விளங்கிக்கொண்டேன்.

இனித்தான் நான் சொல்ல வெட்கப்படுகிற பகுதி.

அடைவைத்த முட்டைக்குப் பக்கத்தில் இரும்பு வைப்பது எங்கள் பக்க வழக்கம். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும், இரும்பு இருந்தால் அது இடியை வாங்கிக்கொள்ளும் என்பார்கள். ஆணி, கத்தித் துண்டு, தேய்ந்த லாடம், எதுவும் சரி. தமிழர், முஸ்லிம்கள் என்றில்லை, எல்லா வீட்டிலும் உண்டு. அந்த வருடம் குழுவில் யாரோ ஆணி வைத்த கூடையின் படம் போட, நான் நீளமாக ஒரு விளக்கம் எழுதியிருந்தேன். சத்தத்தால் முட்டை கெடாது, படித்தவர்களே இப்படி நம்பலாமா என்று ஒரு குத்தலும் வைத்திருந்தேன். பலர் கைதட்டல் போட்டார்கள்.

பதினேழாம் நாள் பின்னேரம் வாவிக்கு அந்தப் பக்கம் வவுணதீவுப் பக்கமாய்க் கறுத்து, பிறகு எங்கள் தலைக்கு மேலேயே இடிக்கத் தொடங்கியது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மனைவி கோவிலுக்குப் போயிருந்தாள். நான் பெட்டிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ஆறு வருசம் இதுக்குள்ள கிடக்கு என்ற அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. நாலாவது இடிக்கு என் அறிவெல்லாம் பறந்தது. மேசை லாச்சியில் கிடந்த பழைய இரும்புப் பூட்டு ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். கண்ணாடி மூடியால் பார்த்தால் தெரிந்துவிடும், மனைவி சிரித்தே கொன்றுவிடுவாள் என்று அதை மூலைக்குள் ஒதுக்கித் தள்ளினேன். வயர் தொங்கும் அதே மூலை. மழை விட்டதும் அதை மறந்தே போனேன்.

இருபத்தாறாம் நாள் முட்டைக்குள் தட்டும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. இருபத்தேழு. இருபத்தெட்டு. எல்லா முட்டையையும் காதில் வைத்துப் பார்த்தேன். அலுவலகத்தில் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டு ஒரு தரம் வீட்டுக்கு ஓடி வந்தேன். "பதறாத காரியம் சிதறாது. விட்டுத் துலையுங்க" என்றாள் மனைவி.

இருபத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட உட்கார்ந்தவன் இரண்டு பிடியில் எழும்பிவிட்டேன். செத்துப்போன முட்டையைச் சும்மா சூடுகாட்டிக் கொண்டிருக்கிறேன், ஒன்றை உடைத்தால் தெரிந்துவிடும் என்று மனம் ஒரே அரித்தது. பெரியதாக ஒன்றை எடுத்து, கரண்டிக் காம்பால் அகன்ற பக்கத்தில் தட்டி ஓட்டை உரித்தேன். வெள்ளைச் சவ்வுக்குள் இரத்த நரம்புகள் இன்னும் சிவப்பாக இருந்தன. சவ்வு கிழிந்ததும் சொண்டு அசைந்தது. மஞ்சள் கரு வயிற்றுக்குள் முழுதாய் ஏறியிருக்கவில்லை. இன்னும் இரண்டு நாளாவது உள்ளே இருந்திருக்க வேண்டிய குஞ்சு. ஈரத் துணியில் சுற்றித் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். மூன்று மணியளவில் அசைவு நின்றது. வாழைக்கடியில் குழி தோண்டித் தாட்டேன். கை கழுவிய பிறகும் கழுவிக்கொண்டே நின்றேன்.

நானாவுக்கு நானே போனில் கோல் எடுத்தேன். உண்மையைச் சொல்லத்தான் எடுத்தேன். அவர் "என்ன தம்பி, பொரிச்சிட்டா?" என்று கேட்டதும் வாய் வேறு கதை சொன்னது.

"ஒண்டு கூழாப் போயிற்று நானா. மத்ததும் அசைவில்ல. வரக்குள்ள பைக்கில குலுங்கினதோ தெரியா."

"இரிக்கும் தம்பி. செங்கலடியில இருந்து கொஞ்சம் பறந்துதான் வந்த நான். என்ட பிழைதான்" என்றார்.

செங்கலடி அவர் வருகிற வழியிலேயே இல்லை. முட்டை வைக்க உமி தேடி முதலில் செங்கலடி ஆலைக்குப் போய்விட்டு வந்தாராம். அந்த விபரத்தையும் தன் குற்றத்தோடு சேர்த்துச் சொன்னார்.

அடுத்த நாள் காலை ஆளே வந்து நின்றார். பெட்டியைத் திறந்து ஒரு முட்டையை எடுத்து மூடிய கண் இமைமேல் வைத்தார். "சூடு காணாது" என்றார். "மெஷின் சரியாத்தானே காட்டுது" என்றேன் நான். அவர் குனிந்து மூலைக்குள் கைவிட்டார். பூட்டு வெளியே வந்தது. பல்புக்கு நேர் கீழே கிடந்து சுட்டுப் போயிருந்தது. குமிழ் அதன்மேல் சாய்ந்து கிடந்திருக்கிறது. இரும்பின் சூட்டை முட்டையின் சூடென்று எண்ணிக் கருவி பல்பை அணைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பன்னிரண்டு நாளாகக் குஞ்சுகள் குளிரில் மெல்ல மெல்ல வளர்ந்திருக்கின்றன. அதனால்தான் பிந்தியது.

"இது ஆர் வச்ச?" என்றார்.

மனைவி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். பார்த்தது போதாதென்று, "இடி இடிச்சதெல்லோ... அவதான்" என்றும் சொன்னேன்.

நானா சிரித்தார். "என்ட உம்மாவும் கத்தித் துண்டு வைப்பா. பரவால்ல தங்கச்சி, நல்ல எண்ணத்தில வச்சதுதானே."

அவள் தட்டை மேசையில் வைத்தாள். "ஓம் நானா, பயத்தில வச்சது" என்றாள்.

அவருடைய மோட்டார் சைக்கிள் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்தாள். மறுகா என் பக்கம் கிறுகித் திரும்பினாள். "பூட்டை என்ட தலையில கட்டியாச்சு. வாழைக்கடியில தாட்டதையும் கட்டிவிடுங்க. சுமக்கிறன்." அடுத்த இரண்டு நாளும் பெட்டி இருந்த அறையின் வாசலில் கதிரையைப் போட்டு அமர்ந்து, என்னை உள்ளே விடாமல் கீரை ஆய்ந்தாள், புத்தகம் படித்தாள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முப்பத்திரண்டாம் நாள் நாலு குஞ்சு பொரித்தன. மற்ற நாலும் முட்டைக்குள்ளேயே செத்திருந்தன. நானா உமி வாளியோடு வந்தார். குஞ்சுகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். நாலிலும் மயிரில் வெளிறிய ஒரு கோடு இருந்தது. "வந்திட்டாங்க" என்றார். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை. அன்று குழுவில் முதன்முதலாக ஒரு படம் போட்டு, தம்பியின் புண்ணியத்தில் என்று எழுதினார். எனக்கு வாழ்த்துகள் குவிந்தன. உண்மையை எழுதினேன், அழித்தேன். திரும்ப எழுதினேன், திரும்ப அழித்தேன்.

தாராக் குஞ்சில் ஆணா பேடா என்று முதலில் பார்த்துத் தெரியாது. இரண்டு மாதம் நெருங்கக் குரல் மாறும். பேடு ஊருக்கே கேட்கக் கத்தும். ஆணுக்குத் தொண்டை கட்டியதுபோல் கரகரவென்றுதான் வரும். அதுவரை நான் நிம்மதியாக இருக்கவில்லை. ஒரு பேடு இருந்தால் போதும், அந்த இனம் பிழைத்துவிடும், நான் செய்ததும் அதோடு அழிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு நாளைக்கொரு தரம் கோல் எடுத்துக் குரல் உடைந்ததா என்று கேட்டேன். "நீங்க என்னை விடப் பதறுறீங்க தம்பி" என்று அவர் சிரிப்பார்.

ஒருநாள் காலை அவரே எடுத்தார். "கேளுங்க" என்று போனைக் கூட்டுப் பக்கம் பிடித்தார். தீன் போட்டிருப்பார் போலும், நாலும் போட்டி போடும் சத்தம் கேட்டது. கரகரப்பு மட்டும்தான். காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒன்றாவது வாயைத் திறந்து கத்தாதா என்று நின்றேன். ஒன்றும் கத்தவில்லை.

"நாலும் ஆண்தான்" என்றார். "வேற பேடு போடலாம். ஆனா அது வேற தாரா. அல்லாஹ்ட நாட்டம், என்ன செய்யிற. அந்தக் கூழாப் போனது பேடா இரிந்திருக்கும் தம்பி. நான்தான் பைக்கில குலுக்கிக் கெடுத்துப் போட்டன்."

"நானா" என்றேன். "அது கூழ் இல்ல. உசிரோட இரிந்தது. பொறுக்க ஏலாம நான்தான் உடைச்ச. பூட்டு வச்சதும் நான்தான்."

அவர் என்னைத் திட்டவில்லை. பூட்டைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஏதோ இன்னும் ஒரு வழி மிச்சமிருப்பதுபோல, மெல்லக் கேட்டார்.

"அது பேடா எண்டு பாத்தீங்களா தம்பி?"

"இல்ல நானா" என்றேன். "பாக்கல்ல."