ஒரு சீர் பாக்கி

எந்த முடிவும் எடுப்பதற்கு முன்னால் மாமா கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு உதட்டை அசைப்பார். பார்க்கிறவர்கள் வட்டிக் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் எண்ணுவது செய்யுளின் அசை. பள்ளிக்கூடத்தில் அவர் உருப்படியாகப் படித்தது யாப்பிலக்கணம் மட்டும்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலில் அதற்கு வேலையில்லை. வீணாக்கவும் மனம் வரவில்லை. எனவே வாழ்க்கையில் பயன்படுத்தினார்.

பிரச்சினையை வெண்பாவாக எழுதுவார். கடைசியில் எந்தச் சொல் தளை தட்டாமல், அதாவது முந்தின சீரோடு இடிக்காமல், உட்காருகிறதோ அதுதான் தீர்ப்பு. 'வேண்டாம்' என்ற சொல் வெண்பாவின் முடிவில் நிற்கவே நிற்காது. 'சரி' ஜம்மென்று நிற்கும். அவருடைய கல்யாணம் அப்படித்தான் முடிவானது. நினைத்த இடத்தில் நின்றுவிடும் பழைய காரும் அப்படித்தான் வீட்டுக்கு வந்தது.

"என்னையும் அந்தக் காரையும் ஒரே இலக்கணத்துல கட்டிக்கிட்டாரு," என்பாள் அத்தை.

மாமாவின் அக்கா மகள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. வெளியூரில் ஒரு கணக்கு வேலை கிடைத்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று அன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். போகாவிட்டால் மாமாவின் பயிற்சிப் பள்ளியில் போன் எடுக்கும் நாற்காலி. யாரைக் கேட்டாலும், "படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா?" என்று நழுவினார்கள். அவளுக்கு அதுதான் தெரியவில்லை. பயிற்சிக் காரின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். முன்னால் அத்தை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் மாமா.

கேள்வியைக் கேட்டதும் மாமா கண்ணை மூடினார். மூன்று அடிகள் மளமளவென்று வந்தன. நாலாவதை "இங்கே இரு" என்று முடித்தார்.

போகத்தான் ஆசை என்பது அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"மாமா, 'இன்றே போ'ன்னு மாத்துங்களேன்."

"தளை தட்டுது கண்ணு. 'இங்கே'க்குப் பின்னால 'இரு' உக்காரும். 'இன்றே'க்குப் பின்னால 'போ' உக்காராது. நான் என்ன பண்ணட்டும்?"

"நல்லாருக்கே! பொண்ணு வேலைக்குப் போறதுக்குத் தளைகிட்ட அனுமதி வாங்கணுமா?" என்று அத்தை திரும்பிய வேகத்தில் கார் நடுச்சாலையில் அணைந்து நின்றது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அத்தை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"வண்டிய மறுபடி கிளப்பு. கிளட்ச்ச மெதுவா விடு. பயப்படாம போ," என்றார் மாமா, கற்றுக்கொள்ள வருகிற எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில்.

பின் இருக்கையில் அவள் விரல்கள் அசைந்தன.

"மாமா, இப்ப சொன்னீங்களே, அதை எண்ணுங்க."

எண்ணினார். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார். "பயப், படா, மல்... அட, காய்ச்சீரு. அதுக்குப் பின்னால 'போ' கச்சிதமா உக்காருதே!"

கார் நகர்வதற்குள் அவள் 'வருகிறேன்' என்று பதில் அனுப்பிவிட்டாள்.

"இரு, இரு. கடைசி அடிக்கு மூணு சீர் வேணும்," என்றார் மாமா. "ரெண்டுதான் ஆச்சு. முதல் சீர நாளைக்குத் தரேன்."

அவள் போய்ச் சேர்ந்து, வேலை பழகி, புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். போன் பேசும்போதெல்லாம் கேட்பாள்.

"'நீயும் பயப்படாமல் போ'ன்னு வச்சுக்கலாமே மாமா?"

"எதுகை எங்க இருக்கு? கடன் வாங்கினவன் நான். நல்லதாத்தான் திருப்பித் தருவேன்."

இன்னும் தரவில்லை.